மொட்டு போடாத மாலை

மலையடிவாரத்தில் ஒரு தாமரைக் குளம். கரையில் படர்ந்து நிற்கும் ஒரு புளியமரம். அந்த மரத்துப் பொந்தில் பூவாயி என்ற அணில், தன் ஒரே மகன் மொட்டுடன் குடியிருந்தாள்.

அது அவளுடைய சொந்த வீடு இல்லை. அவள் கூடு கட்டியிருந்த பனைமரம் காற்றில் சாய்ந்துவிட்டது. அதற்கு முன்னாலேயே அவள் புருஷனைப் பருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. நனைந்த குட்டியை வாயில் கவ்விக்கொண்டு திக்குத் தெரியாமல் நின்றவளை, புளியமரத்துக் குரங்கு அஞ்சலைதான் கூப்பிட்டாள்.

"ஏண்டி மழையில நிக்கிறே? மேல ஏறி வா! இந்தப் பொந்து சும்மாதான் கிடக்கு!"

"நான் உங்களுக்கு என்னக்கா தருவேன்?"

"உன்கிட்ட யாருடி கேட்டா? முதல்ல பிள்ளைய உள்ள வை!"

அப்படிக் கிடைத்த இடம் அது. இடம் கிடைத்தது, சாப்பாட்டுக்கு என்ன வழி? இரை தேடி வெளியே போனால் மொட்டு பின்னாலேயே ஓடி வருவான். மேலே நிமிர்ந்தால் அதே பருந்து வட்டம் போடும். தூரமாகப் போகவும் முடியாது, பிள்ளையைப் பட்டினி போடவும் முடியாது. பாவம், என்ன செய்வாள்? பொந்து வாசலில் உட்கார்ந்தபடியே செய்கிற வேலை ஏதாவது உண்டா என்று யோசித்தாள்.

வேலை தானாக வந்து சேர்ந்தது. மொட்டுக்கு அப்போது பல் முளைக்கிற சமயம். கண்டதையும் கடித்தான். அம்மாவின் வாலைக்கூட விட்டுவைக்கவில்லை. தொல்லை தாங்காமல் பூவாயி, கரையில் உதிர்ந்து காய்ந்து கிடந்த தாமரைக் கொட்டைகளைப் பொறுக்கி வந்தாள். முள்ளம்பன்றி உதிர்த்துவிட்டுப் போன முள்ளால் ஒவ்வொன்றிலும் துளை போட்டாள். பாறையில் தேய்த்து வழவழப்பாக்கினாள். கற்றாழை நாரில் கோத்து மொட்டு கழுத்தில் போட்டாள். அவன் அதைக் கடித்தான், இழுத்தான், கிளையில் மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கினான். மாலை அறுந்து போகவில்லை.

கீழே புல் மேய வந்த முயல் அதைப் பார்த்துவிட்டது.

"அடேயப்பா! இது எங்க கிடைச்சது பூவாயி?"

"கிடைக்கல. நானே கோத்தது."

"எனக்கும் ஒன்னு கோத்துக் கொடேன்! பதிலுக்கு நிலக்கடலை கொண்டாந்து தர்றேன்!"

வியாபாரம் அப்படித்தான் தொடங்கியது. முயலின் கழுத்தைப் பார்த்துவிட்டுக் கீரி வந்தது. கீரியைப் பார்த்துவிட்டு மான் வந்து, காலில் கட்டிக்கொள்ள ஒரு சரம் கேட்டது. கடலையும் கிழங்கும் பழமும் பொந்து வாசலுக்கே வந்து சேர்ந்தன. மொட்டுக்குக் கன்னம் உப்பியது.

இந்த வியாபாரத்தில் பூவாயிக்கு ஒரு வழக்கம் உண்டு. கோத்து முடித்த மாலையை உடனே கொடுத்துவிட மாட்டாள். ஒரு பகல் முழுக்க அது மொட்டு கழுத்தில் கிடக்க வேண்டும். அவன் அதைக் கடிப்பான், நக்குவான், பிய்க்கப் பார்ப்பான், மாலையோடு மரம் ஏறி இறங்குவான். நார் அறுந்தால் மறுபடி கோப்பாள். மணி உரசி அவன் கழுத்து சிவந்தால் மறுபடி பாறையில் தேய்ப்பாள். அவனிடம் தப்பித்த மாலைதான் வாங்குகிறவர் கைக்குப் போகும். காட்டில் எல்லோருக்கும் இது தெரியும். வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

"என்ன பூவாயி, மொட்டு பாஸ் போட்டாச்சா?"

"போட்டாச்சு! போட்டாச்சு!" என்று மொட்டே உள்ளேயிருந்து கத்துவான்.

அந்தக் காட்டில் சிங்காரி என்று ஒரு மைனா இருந்தாள். அவளுக்கு வாய் ஓயவே ஓயாது. தண்ணீர் குடிக்கும்போதுகூட நடுநடுவே பேசுவாள். ஒருநாள் அவள் பொந்து வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏ பூவாயி! இப்படி ஒன்னு ஒன்னா வித்தா எப்ப முன்னுக்கு வர்றது? நீ கோத்து வை. நான் காடு முழுக்கப் பறந்து சொல்லிட்டு வர்றேன். வர்ற பழத்துல எனக்குக் கொஞ்சம் கொடு, போதும்!"

பூவாயி யோசித்தாள். தன்னால் வெளியே போக முடியாது. இவளுக்கோ இறக்கை இருக்கிறது. சரி என்று தலையாட்டினாள்.

சிங்காரி வேலையில் கெட்டிக்காரிதான், அதை மறைக்கக் கூடாது. மலை உச்சி வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அதுவும் எந்தச் சமயத்தில்? குளம் நிரம்புகிற சமயத்தில்! மழைக்காலத்தில் குளம் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் கரைதாண்டி வழிகிற அன்றைக்குக் காட்டு உயிர்கள் எல்லாம் அங்கே கூடும். அன்று ஒருநாள் யாரும் யாரையும் துரத்தக் கூடாது. புலியும் மானும் ஒரே கரையில் நிற்கும். அப்படிப்பட்ட விழாவுக்கு வெறுங்கழுத்தோடு யார் போவார்கள்?

"எனக்கு ஒன்னு!" "என் பிள்ளைங்களுக்கும் சேர்த்து!" என்று எல்லாத் திசையிலிருந்தும் சொல்லி அனுப்பினார்கள். சிங்காரி எல்லோருக்கும் சரி சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

ஆனால் மழை சும்மா இருக்குமா? குளத்தில் தண்ணீர் ஏறியது. கரையில் கிடந்த தாமரைக் கொட்டைகள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. பூவாயி கரையெல்லாம் தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

"கொட்டை தீர்ந்து போச்சு சிங்காரி. இனிமே தண்ணி வத்தினாத்தான் கிடைக்கும். எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லிடு."

"என்னத்தைச் சொல்றது? என் மூஞ்சியில துப்புவாங்க! நீ கொஞ்சம் பொறு!"

சிங்காரி விருட்டென்று பறந்து போனாள். திரும்பி வரும்போது அவள் அலகில் ஒரு கொடி இருந்தது. காய்ந்த நெற்றுகள் வெடித்து, உள்ளே சிவப்புச் சிவப்பாக விதைகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் மை வைத்த மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு.

"குன்றிமணி!" என்று பூவாயி இரண்டடி பின்னால் போனாள். "ஐயோ, இது நஞ்சாச்சே!"

"கடிச்சு உடைச்சாத்தானே நஞ்சு? தோலைத் தொட்டுப் பாரு, கல்லு! முழுசா முழுங்கினா முழுசா வெளிய வந்துடும். உனக்குத் தெரியாததா?"

பூவாயிக்கும் அது தெரியும். அணில்கள் எல்லோருக்கும் தெரியும். கடித்தால்தான் ஆபத்து, முழுசாக உள்ளே போனால் ஒன்றும் செய்யாது. அதில் பொய் இல்லை.

"இருந்தாலும்..." என்று இழுத்தாள்.

"இருந்தாலும் என்ன இருந்தாலும்? உன் தாமரைக் கொட்டை மங்கல் நிறம். இதைப் பாரு, வெயில்ல தகதகன்னு இருக்கு! கொடி நிறையக் காய்ச்சுத் தொங்குது. வாக்குக் கொடுத்தாச்சு பூவாயி! இப்ப இல்லைன்னா இனிமே உன்னைத் தேடி யாரும் வர மாட்டாங்க. அப்புறம் உன் பிள்ளைக்கு யார் கடலை கொண்டாந்து கொடுப்பா?"

பிள்ளை என்றதும் பூவாயி தளர்ந்து போனாள். முள்ளை எடுத்தாள்.

நான் சிங்காரியை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். கொடியைக் கொண்டுவந்தது அவள். முள்ளை எடுத்தது யார்?

குன்றிமணியில் துளை போடுவது எளிதில்லை. முள்ளை வைத்துத் திருகித் திருகி, தோல் தெறித்த பிறகுதான் உள்ளே இறங்கும். இறங்கியதும் வெளிறிய மாவு கொஞ்சம் உதிர்ந்தது. பூவாயி அதை ஊதித் தள்ளினாள். கையைப் புல்லில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

மாலையைப் பார்த்ததும் மொட்டு தாவி வந்தான்.

"அம்மா! எனக்கு! என் கழுத்துல போடு! நான் பாஸ் போடுறேன்!"

"கிட்ட வராதே!" என்று பூவாயி கத்திவிட்டாள். அவள் அப்படிக் கத்தி அவன் கேட்டதே இல்லை. மாலையைப் பிடுங்கி, அவனுக்கு எட்டாத உயரத்தில் ஒரு குச்சியில் மாட்டினாள். "விழாவுக்கு நேரமாச்சுடா. நீ இழுத்து அறுத்துட்டா மறுபடி யார் கோக்குறது?"

மொட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனான். பூவாயி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள், ஆமாம், நேரம்தான் இல்லை. அப்படிச் சொல்லிக்கொண்டே எல்லா மாலைகளையும் அந்த உயரமான குச்சியிலேயே மாட்டி வந்தாள்.

விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் அஞ்சலை இறங்கி வந்தாள். அவள் வயிற்றைக் கட்டிக்கொண்டு அவளுடைய குட்டி கொழுந்து தொங்கினான். கண் இரண்டும் நாவல்பழம் போல இருக்கும் அவனுக்கு.

"பூவாயி! என் ராசாவுக்கு ஒரு மாலை கொடு! ஊரே போட்டுக்கிட்டு வரும்போது என் பிள்ளை மட்டும் வெறுங்கழுத்தோட நிக்கணுமா?"

பூவாயியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு குச்சியிலிருந்து ஒரு மாலையை எடுத்துக் கொடுத்தாள். அஞ்சலை அதைக் கொழுந்துவின் கழுத்தில் போட்டு அழகு பார்த்தாள்.

"அம்மாடி, எம்புட்டு அழகு! ஆமா, மொட்டு கழுத்துல பழசுதானே கிடக்கு? அவனுக்குப் புதுசு போடலையா?"

"அவனுக்குப் பழசுதான் பிடிக்கும் அக்கா."

"சரிதான். இதை அவன் பாஸ் போட்டுட்டான்ல?"

"ம்..." என்றாள் பூவாயி.

அந்த ஒரு "ம்" தான். அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. அஞ்சலையும் அதற்கு மேல் கேட்கவில்லை. வீடு கொடுத்தவள் அவள், அவளுக்கு எதற்குச் சந்தேகம் வரும்?

மறுநாள் குளம் நிரம்பி வழிந்தது. கரை முழுக்கச் சிவப்பும் கறுப்புமாக மின்னியது. மான் காலில் சரம், கீரி கழுத்தில் மாலை, முயல் குட்டிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலை. "யார் கைவேலை? யார் கைவேலை?" என்று எல்லோரும் கேட்டார்கள். "எங்க பூவாயி!" என்று சிங்காரி கிளைக்குக் கிளை பறந்து சொன்னாள். பூவாயிக்குப் பெருமையாக இருந்தது. பொந்து கொள்ளாத அளவுக்குப் பழம் வந்து குவிந்தது. மழைக்காலம் முழுக்க இனிக் கவலையில்லை என்று நிம்மதியாக மூச்சு விட்டாள்.

மறுநாள் காலையில் மேல் கிளையிலிருந்து அஞ்சலையின் குரல் கேட்டது.

"பூவாயி! கொழுந்து எதைக் குடுத்தாலும் வாந்தி எடுக்கிறான்டி! விழாவுல அழுகின பழம் எதையாவது தின்னுட்டானோ என்னமோ!"

பூவாயி ஏறிப் போய்ப் பார்த்தாள். கொழுந்து அம்மா மடியில் சுருண்டு கிடந்தான். அவன் கழுத்து மாலை ஓரிடத்தில் அறுந்து தொங்கியது. சில மணிகளைக் காணோம்.

முழுசாக முழுங்கியிருந்தால் ஒன்றும் ஆகாது, முழுசாக வெளியே வந்துவிடும் என்று முணுமுணுத்துக்கொண்டே பூவாயி பொந்துக்கு ஓடி வந்தாள். மிச்சம் இருந்த ஒரு மணியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் ஓட்டை, அந்தப் பக்கம் ஓட்டை. ஓட்டைக்குள் வெளிறிய மாவு. தோல் கல்தான். ஆனால் அந்தக் கல்லை முள்ளால் குத்தித் திறந்து வைத்தது அவளேதான். நஞ்சு வெளியே வர இந்த மணியை யாரும் கடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

சிங்காரி வாசலில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

"வாயைத் திறக்காதே பூவாயி! அழுகின பழம்னு அவளே சொல்றா. அப்படியே இருக்கட்டும்!"

"மாலைதான்னு சொல்லணும் சிங்காரி."

"சொன்னா? இந்தப் பொந்துல விட்டு வைப்பாளா உன்னை? மேல பாரு!"

மேலே பருந்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. பூவாயி மொட்டுவைப் பார்த்தாள். அவன் பழைய தாமரை மாலையைக் கடித்துக்கொண்டே ஒரு கொய்யாவை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். அவள் அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை.

பொழுது விடிந்தபோது கொழுந்து கண்ணைத் திறக்கவில்லை. அஞ்சலை அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "தங்கமே, ஒரே ஒரு வாய் தண்ணி குடிடா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் பூவாயியால் பொந்துக்குள் இருக்க முடியவில்லை. ஏறிப் போனாள்.

"அக்கா, பழம் இல்ல. மாலைதான். நான் கோத்த மாலை."

"என்னடி சொல்றே?"

"அது குன்றிமணி. ஓட்டை போட்டதுல உள்ள இருக்கிற நஞ்சுக்கு வழி திறந்துடுச்சு. அவன் முழுங்கிட்டான் அக்கா!"

காடு கூடிவிட்டது. கரடி பச்சிலை கொண்டுவந்தது. மான் ஓடிப்போய் ஏதோ வேரைத் தோண்டி வந்தது. எதுவும் அவன் தொண்டையில் இறங்கவில்லை. உச்சி வெயில் நேரத்தில் கொழுந்து செத்துப்போனான். முதல் நாளே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பானா? யாருக்கும் தெரியாது. பூவாயி மட்டும் சாகிற வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அஞ்சலை கத்தவில்லை, அடிக்கவில்லை. தலையை நிமிர்த்தினாள்.

"உனக்கு முன்னாலேயே தெரியுமா பூவாயி?"

"முழுசா முழுங்கினா ஒன்னும் ஆகாதுன்னு நினைச்சேன் அக்கா. சத்தியமா அப்படித்தான் நினைச்சேன்!"

"அப்படி நினைச்சிருந்தா, மொட்டு கழுத்துல ஏன் போடல?"

பூவாயி கீழே இறங்கினாள்.

பருந்து மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. திறந்தவெளியில் ஓடினாள். முயல் குட்டிகளின் கழுத்திலிருந்து, கீரியின் கழுத்திலிருந்து, மானின் காலிலிருந்து, ஒவ்வொரு மாலையாகக் கழற்றி வாங்கினாள். சிலர் அவளைத் திட்டினார்கள். முயல் அவள் கொடுத்த பழைய தாமரை மாலையையும் சேர்த்து அவள் முன்னால் விட்டெறிந்தது. எல்லாக் குன்றிமணியையும் மலைச்சரிவில் ஆழமாகக் குழி தோண்டிப் போட்டு, மேலே கல்லை உருட்டி வைத்து மூடினாள். சிங்காரி அதற்குள் மலைக்கு அந்தப் பக்கம் பறந்து போயிருந்தாள். அந்தக் காட்டில் போய், ஓர் அணில் தன்னை எப்படி ஏமாற்றினாள் என்று கதை கதையாகச் சொன்னாளாம்!

பூவாயி திரும்பி வந்து மொட்டுவை வாயில் கவ்விக்கொண்டாள். பொந்தை விட்டு இறங்கப் போகையில் மேலேயிருந்து அஞ்சலையின் குரல் கேட்டது.

"எங்க போற?"

வாயில் மொட்டுவோடு பூவாயி அங்கேயே நின்றாள்.

"பொந்துலயே இரு. உன் பிள்ளையப் பருந்து தூக்கிட்டுப் போனா என் பிள்ளை திரும்பி வந்துடுவானா? இரு. ஆனா என்கிட்ட இனிமே பேசாதே."

பூவாயி இருந்தாள். அஞ்சலை சொன்னபடியே அவளிடம் பேசவும் இல்லை. ஒரே மரத்தில் மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி. மழைக்காலம் அப்படியே போனது.

தண்ணீர் வற்றியது. கரையில் மறுபடியும் தாமரைக் கொட்டைகள் காய்ந்து கிடந்தன. வயிறு ஒன்று இருக்கிறதே, என்ன செய்ய? பூவாயி மறுபடியும் கோக்கத் தொடங்கினாள். முடிந்ததை மட்டும் கோத்தாள். இல்லாதபோது இல்லை என்றாள். ஒவ்வொரு மாலையும் மொட்டு கழுத்தில் ஒரு பகல் கிடந்தது. அவன் வளர்ந்துவிட்டான், இப்போதெல்லாம் கடிப்பதில்லை. ஆனாலும் போட்டுக்கொண்டான்.

மெல்ல மெல்ல ஒருவர் இருவராக வந்தார்கள். பழைய சிரிப்பு இல்லை, பாஸ் போட்டாச்சா என்று யாரும் கேட்பதில்லை. மாலையை நீட்டினால் அதை யாரும் முதலில் பார்ப்பதில்லை. மொட்டுவின் கழுத்தைத்தான் பார்ப்பார்கள். பார்த்த பிறகுதான் கையை நீட்டுவார்கள்.

அடுத்த மழைக்கு முன்னால் அஞ்சலைக்கு ஒரு குட்டி பிறந்தது. ஒருநாள் அவள் அதை வயிற்றில் அணைத்தபடி இறங்கி வந்து பொந்து வாசலில் நின்றாள். பூவாயி ஒரு தாமரை மாலையை எடுத்து நீட்டினாள். அஞ்சலை மாலையைப் பார்த்தாள். மொட்டுவின் கழுத்தைப் பார்த்தாள். அங்கேயும் அதே போல ஒன்று கிடந்தது. பிறகு குட்டியின் வெறுங்கழுத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, எதுவும் வாங்காமல் மேலே ஏறிப் போய்விட்டாள்.

தன் பிள்ளைக்குப் போட மனம் வராத பொருளை அடுத்தவர் பிள்ளைக்கு விற்கக் கூடாது.